வீட்டுத் தோட்டமும் குடும்ப வாழ்வும்

தோட்டம் என்னுஞ் சொல்லுக்கு இலங்கையின் மலைநாட்டில் இரு பொருள் உண்டு. மனையைச் சூழ்ந்து, மனையிலுள்ளாரால் வளர்க்கப்படும் காய்கறியும் மலரும் மரமும் சேர்ந்த இடம் ஒன்று. பல நூறு ஏக்கர் பரப்பில் தேயிலையோ இறப்பரோ பயிராகும் பெருநிலம் மற்றொன்று. முன்னையதில் தோட்டம் குடும்பத்துக்குரியது. பின்னையதிற் குடும்பமே தோட்டத்துக்குரியதென நெடுங்காலம் எண்ணப்பட்டது. ஒரே சொல்லுக்குள் இத்துணை வேற்றுமை அடங்கியிருத்தல் ஈண்டு நோக்கற்பாலது. ஏனெனில், வீட்டுத் தோட்டத்தைப் பற்றி எழுதப்படும் அறிவுரைகள் பலவும் நிலம் யாருடையது என்னும் வினாவைக் கேளாமலே விதையையும் பசளையையும் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகின்றன.

இவ்விரு பொருளையும் அருகருகே காணத்தக்க ஊர்களுள் மாத்தளை மாவட்டத்து உக்குவளை ஒன்று. கண்டியையும் மாத்தளையையும் இணைத்து 1880ஆம் ஆண்டு திறக்கப்பட்ட புகையிரதப் பாதையில் இவ்வூர் அமைந்துள்ளது. பொல்கொல்லையில் மறிக்கப்படும் மகாவலி நீர், ஏறக்குறைய 8 கிலோமீற்றர் நீளமான சுரங்க வழியாக வந்து, 1976 முதல் உக்குவளை மின்னிலையத்தின் பொறிகளைச் சுழற்றி, சுது கங்கையிற் கலந்து, வடக்கேயுள்ள வறண்ட வயல்களை நோக்கிச் செல்கின்றது. பள்ளத்தாக்கிற் சிங்கள, முஸ்லிம் கிராமங்களின் பழைய வீட்டுத் தோட்டங்கள் செறிந்துள்ளன. எல்கடுவைப் பக்கம் ஏறிச் சென்றால் தேயிலைச் சரிவுகளும், அவற்றிடையே தமிழ்த் தொழிலாளர் வாழும் லயன்களும், ஒவ்வொரு லயன் வாயிலிலும் பாய் விரித்தாற்போன்ற சிறு பாத்தியும் தோன்றும்.

கிராமத்து வீட்டுத் தோட்டத்தை முதலில் நோக்குவோர்க்கு அது தோட்டமாகத் தோன்றாது. சிறு காடு போலவே காணப்படும். ஆராயுமிடத்து அக்காட்டில் ஓர் ஒழுங்கு புலப்படும். தென்னை, பலா, ஈரப்பலா, கமுகு, கித்துள் என்பன மேலே நின்று வெயிலை ஏற்கின்றன. சாதிக்காய், கராம்பு, மா, ஆனைக்கொய்யா முதலியன அவற்றின் கீழ் இரண்டாம் அடுக்காகின்றன. அதற்குங் கீழே வாழையும் கோப்பியும் கொக்கோவும் அரைநிழலில் வளர்கின்றன. மிளகுக் கொடி முள்முருங்கையையோ கிளிசரியாவையோ பற்றி ஏறுகின்றது. நிலத்தையொட்டி இஞ்சி, மஞ்சள், சேம்பு, அன்னாசி, வல்லாரை என்பன படர்கின்றன. வேர்களும் இவ்வாறே பல ஆழங்களிற் பரந்து, ஒன்று விட்ட நீரையும் சத்தையும் மற்றொன்று எடுத்துக்கொள்கின்றது. உதிரும் இலையே போர்வையாகி மண்ணை மழையினின்று காக்கின்றது. கண்டி வீட்டுத் தோட்டம் என்று பயிரியலாளர் பலராலும் ஆராயப்பட்ட அமைப்பு இதுவே. மாத்தளையின் மிளகும் கராம்பும் சாதிக்காயும் பெரும்பாலும் இத்தகைய வளவுகளிலிருந்தே சந்தைக்கு வருகின்றன.

இத்தோட்டங்கள் ஒருவர் காலத்தில் ஆனவை அல்ல. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திற் சிறையிருந்த ஆங்கிலேயராகிய இறொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தம் நூலில் பலாவையும் கமுகையும் சிறப்பாகக் குறித்துள்ளார். பாட்டன் நட்ட பலாவைப் பேரன் உண்ணுதல் இங்கு வழக்கம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆதர் வி. டயஸ் என்பார் நாடெங்கும் பலாக்கன்றுகளை நடச்செய்யும் இயக்கமொன்றை நடத்தி, ‘கொஸ் மாமா’, அதாவது பலாக்காய் மாமா என்று மக்களால் அன்போடு அழைக்கப்பட்டார். அரிசி கிட்டாத காலங்களிற் பலாக்காய் பல குடும்பங்களின் உலையை நிரப்பியது. தன் வளவிலுள்ள பலாவையும் உத்தரவின்றி வெட்டலாகாது என்னும் கட்டுப்பாட்டுக்கு 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதற் கட்டுப்பாட்டுச் சட்டம் வழிவகுத்தது. ஒரு மரம் சட்டத்தின் காவலைப் பெறுமளவுக்கு உணவோடு பிணைந்திருந்தமைக்கு இது சான்றாகும்.

இனி, மற்றத் தோட்டத்தின் வரலாறு வேறு. கோப்பிப் பயிர்ச்செய்கைக்காகத் தென்னிந்தியாவிலிருந்து அழைத்துவரப்பட்ட மக்கள், மன்னார்க் கரையிலிறங்கிக் காட்டுவழியே நடந்து மாத்தளையை அடைந்தனர். வழியில் மாண்டோர் பலர். அந்நடையை நினைவுகூர்ந்து, மலையகத் தமிழர் வரலாற்றின் 200 ஆண்டு நிறைவாகிய 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபவனி ஒன்று நிகழ்ந்தது. 1869இல் இலங்கையில் தோன்றிய இலைத்துரு நோய் ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குள் கோப்பிப் பெருந்தோட்டங்களை அழித்தது. மலை முழுவதும் ஒரே பயிரை நட்டமையால் நோய்க்குத் தடையே இல்லாதாயிற்று. ஆனால், பல மரங்களிடையே பத்துப் பன்னிரண்டு கோப்பிச் செடிகளை வைத்திருந்த கிராமத்துக் குடும்பம் அந்நோயினால் அடியோடு வீழவில்லை. கோப்பி போனாலும் பலாவும் கமுகும் நின்றன. பல்பயிரின் பாதுகாப்பு எத்தகையது என்பதை இதனினுந் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி அரிது.

கோப்பிக்குப்பின் தேயிலை வந்தது. தொழிலாளர் அன்றுபோலவே லயன்களில் இருந்தனர். 10 அடிக்கு 12 அடி அளவினதான அறை ஒன்றும், அதன்முன் ஒரு திண்ணையும், வாயிலில் சில முழம் நிலமுமே ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தன. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தினால் இம்மக்களுட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் பல இலட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப வழிவகுத்தது. அடுத்த ஆண்டு எங்கிருப்போம் என்று அறியாத குடும்பம் பலாவை நடுமா? நடாது. கீரை விதைக்கும், செவ்வந்தி நடும், நான்கு மிளகாய்ச் செடி வைக்கும். லயன் வாயிற் பாத்தியில் ஆண்டுப் பயிர்கள் மட்டுமே நிற்பதைக் கண்டு, மலையகத் தமிழர்க்கு மரம் வளர்க்கும் பழக்கமில்லை என்று கூறுவோர் உளர். அக்கூற்று பொருந்தாது. மரம் வளர்க்கும் மனம் அவர்க்கு இருந்தது. மரம் வளருங்காலம் அவர்க்கு உறுதி செய்யப்படவில்லை.

பயிர்களை அவை கேட்கும் காலத்தைக் கொண்டு வகுத்து நோக்கின் இவ்வுண்மை மேலும் விளங்கும். முளைக்கீரை 4 வாரத்திற் பறிக்கலாகும். வெண்டியும் பயற்றங்காயும் 2 மாதத்தையொட்டிக் காய்க்கத் தொடங்கும். கத்தரி, மிளகாய், தக்காளி என்பன நாற்றுக் காலத்தையும் சேர்த்து 3 மாதத்துக்கு மேற் கேட்கும். இஞ்சி, மஞ்சள், மரவள்ளி என்பவற்றுக்கு 8 முதல் 10 மாதமும், வாழைக்கு ஏறத்தாழ ஓராண்டும் வேண்டும். மிளகும் தேசியும் 3 ஆண்டளவிற் பயன்தரும். சாதிக்காயும் தென்னையும் 6, 7 ஆண்டு காத்திருக்கச் செய்யும். பலா அதனினும் பொறுமையை வேண்டும். ஆகவே, ஒரு குடும்பம் எதை நடுகின்றது என்பதைக் கொண்டே, அது தன் நிலத்தின்மீது எத்துணை ஆண்டு நம்பிக்கை வைத்துள்ளது என்பதை அறியலாம்.

2015இன் பின் மலையகத்தில் அமைக்கப்பட்ட தனிவீட்டுத் திட்டங்களில் வீடொன்றுக்கு 7 பேர்ச் காணி ஒதுக்கப்பட்டது. பின்வந்த திட்டங்களில் அது 10 பேர்ச்சாக உயர்ந்தது. ஒரு பேர்ச் ஏறக்குறைய 272 சதுர அடி ஆதலின், 7 பேர்ச் என்பது 1,900 சதுர அடிக்குச் சற்றுக் கூடியது. இத்திட்டங்களில் வழக்கமான 550 சதுர அடி வீட்டை அதிற் கட்டியபின் எஞ்சுவது ஏறத்தாழ 1,350 சதுர அடியாகும். வழி, கழிவறைக் குழி, சரிவைத் தாங்குங் கல்லணை என்பவற்றைக் கழிக்கின், பயிரிடத்தக்கது 1,000 சதுர அடியளவில் நிற்கும். ஒரு பலா முழுதாய் வளர்ந்தால் அந்நிலம் அனைத்தையும் தன் நிழலில் அடக்கிவிடும். எனவே கிராமத்து வளவை அப்படியே இங்குப் பெயர்த்துவைத்தல் இயலாது. அதன் அடுக்கு முறையைச் சிறிதாக்கிக் கொள்ளலாம். எல்லையில் ஒரு முருங்கை, ஒரு தேசி, ஒரு கறிவேப்பிலை. வேலிக் கிளிசரியாவில் ஏறும் நான்கு மிளகுக் கொடிகள். கழுவுநீர் செல்லும் இடத்தில் இரண்டு வாழை. அவற்றின் நிழலில் இஞ்சியும் வல்லாரையும். வெயில் நன்கு படும் நடுவிடத்தில் 4 பாத்திகள். கூலியை மட்டுமே நம்பிய குடும்பத்துக்கு இது சிறிதன்று.

நிற்க. தோட்டத்தை ஆக்கும் முறையைச் சுருக்கமாகக் காண்போம். உக்குவளைப் பகுதி இரு பருவக்காற்றினாலும் மழை பெறுவது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களிற் கனமழை பெய்யும்; மாசியிலும் பங்குனி முற்பகுதியிலும் வறட்சி தலைகாட்டும்; சித்திரையில் இடியோடு கூடிய மழை வரும். ஆதலின் பெரும்போகப் பயிருக்கான நாற்றைப் புரட்டாதியில், கூரையிட்ட மேடையில் வளர்த்து, மழை நிலைத்தபின் நடுதல் நன்று. சரிவான நிலத்திற் பாத்தியை மேலிருந்து கீழாக வெட்டின், முதல் மழையே மேல்மண்ணை வாரிச் செல்லும். சரிவுக்குக் குறுக்கே, சமமட்டத்தில் வரம்பு கட்டி, அதன்மேற் சேரைப் புல்லை நடல் வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் வீசிய ‘டித்வா’ புயலின்போது மலைநாட்டிற் பெருஞ் சரிவுகள் நேர்ந்தன. அத்தகைய பேரழிவை வீட்டுவரம்பு தடுக்குமென்று கூறுதல் பொய்யாகும். ஆயினும் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக ஓடிப்போகும் மண்ணை அது தடுக்கும். மண் போன இடத்தில் எப்பசளையும் பயன்படாது.

மண்ணுக்கு உணவு வீட்டிலேயே உள்ளது. காய்கறித் தோல், சாம்பல், உதிர்ந்த இலை, கிளிசரியாத் தழை, மாட்டெரு என்பவற்றை அடுக்கி, ஈரங்காத்து, இடையிடையே புரட்டினால் 3 மாதத்திற் கூட்டெரு ஆகும். கோழியெருவைப் பச்சையாக இடின் செடி கருகும்; மட்கச் செய்தே இடுதல் வேண்டும். கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பத்தன. ஒன்றைத் தாக்கும் வாடல் நோய் மண்ணில் தங்கி மற்றதையுந் தாக்குமாதலால், இவற்றை ஒரு பாத்தியில் தொடர்ந்து நடலாகாது. அவற்றின்பின் பயற்றை நட்டால், அதன் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துத் தருவதால் மண் மீண்டும் வளம்பெறும்.

இத்தகைய தன்னிறைவின் பயனை நாடு அண்மையில் அறிந்தது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் அத்தடை தளர்த்தப்பட்டது. விளைச்சல் வீழ்ந்தது. 2022இல் அந்நியச் செலாவணி இன்மையால் எரிபொருளும் பால்மாவும் அருகி, விலைகள் எட்டாதனவாயின. அவ்வாண்டு யூன் மாதத்தில் அரசாங்க ஊழியர் வீட்டுத் தோட்டஞ் செய்யும்பொருட்டு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்க அரசு தீர்மானித்தது. நோக்கம் நன்றே. எனினும், பசி வந்தபின் ஊன்றிய விதை பசி முற்றியபின்னரே காய்க்கும். அந்நெருக்கடியிற் சிறிதேனுந் தாங்கி நின்றவை, முன்னரே எருக்குழியும் விதைக் குடுக்கையும் வைத்திருந்த வீடுகளே.

விதைக் குடுக்கை என்பது பாட்டியின் பொறுப்பு. முதற்காய்களுள் நல்லதொன்றைப் பறியாது முற்றவிட்டு, உலர்த்தி, சாம்பலிற் பிரட்டிக் காற்றுப் புகாது வைக்கும் வித்தை அவருடையது. கடையில் வாங்கும் கலப்பின விதையின் காயிலிருந்து எடுத்த விதை தாய்ச் செடியின் குணத்தை அப்படியே தராது. ஆதலால் நாட்டு வெண்டியும் நாட்டுப் பயறும் வீட்டிற் காக்கப்படுதல் வேண்டும். மரவள்ளியை மூடாத பாத்திரத்தில் அவிக்க வேண்டும் என்பதும் பாட்டி சொல்வதே. கிழங்கிலுள்ள நச்சுப்பொருள் ஆவியோடு வெளியேறுமாதலின் அச்சொல் அறிவியலோடு ஒத்தது. தந்தைக்கு உரியன அலவாங்கும் மண்வெட்டியும் வேலியும். சிறுவர்க்குரியன கண்கள். பயற்றங்கொடியில் அசுகுணி படிந்துள்ளதா, கத்தரித் தளிர் வாடித் தொங்குகின்றதா என்று காலையிற் பார்ப்பதில் முதியோரினும் அவர் வல்லவர். வாடிய தளிருள் துளைப்புழு இருக்கும். அத்தளிரைக் கிள்ளி அழித்தாற் பாதி வேலை முடிந்தது. பாகற்பிஞ்சைக் கடதாசிப் பையினால் மூடிப் பழ ஈயினின்று காப்பதும், பூச்சட்டித் தட்டிலும் சிரட்டையிலும் தேங்கிய நீரைக் கொட்டி டெங்கு நுளம்பைத் தடுப்பதும் அவர்க்கு இயலும்.

தாயின் பங்கைப்பற்றி ஒன்று கூறவேண்டியுள்ளது. வீட்டுத் தோட்டம் பெண்ணுக்குரியது என்பது பலர் துணிபு. விடியுமுன் எழுந்து சமைத்து, பகல் முழுதும் மலையிற் கொழுந்து பறித்து, மாலையிற் கூடையை இறக்கிவிட்டு மீண்டும் அடுப்படிக்குச் செல்லும் பெண்ணின் தலையில் பாத்தியையும் ஏற்றுதல் அறமாகாது. தோட்டம் குடும்பத்துக்குரியது எனின், அதன் உழைப்புங் குடும்பத்தாற் பகிரப்படல் வேண்டும். ஆடவர் நீரூற்றவும், மாணாக்கர் களை பிடுங்கவும் முன்வராத வீட்டிற் பாத்தி இடாமையே நன்று. எதை நடுவது என்று தீர்மானிக்கும் உரிமை தாய்க்கு இருத்தல் வேண்டும். ஏனெனில், உலையில் எது குறைகின்றது என்பதை அறிந்தவர் அவரே.

மலர் பயனற்றதென்று கருதி, இருக்கும் சிறிதிடத்தையுங் காய்கறிக்கே விடுவோர் உளர். பூசணியிலும் பாகலிலும் ஆண்பூவும் பெண்பூவும் வெவ்வேறு. வண்டும் தேனீயும் வாராவிடிற் பெண்பூ பிஞ்சாகாது உதிரும். அவற்றை வளவுக்கு அழைப்பது மலர்ப்பாத்தி. துலுக்கச் செவ்வந்தியின் வேரிலிருந்து வெளிப்படும் பொருள், தக்காளி வேரைத் தாக்கும் நுண்புழுக்களை ஒடுக்குவதாகப் பயிரியலாளர் கண்டுள்ளனர். இவற்றுக்கும் மேலாக, மலர் மனத்துக்கு உணவு. திருப்புகலூரில் நாள்தோறும் மலர் பறித்து மாலை தொடுத்தலையே தொண்டாகக் கொண்ட முருக நாயனாரைப் பெரியபுராணம் அடியாருள் ஒருவராகப் போற்றுகின்றது. வாயிற் செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் துளசியும் அவ்வழிபாட்டு மரபைச் சேர்ந்தவை. ஒரு வேலியின் இப்புறத்துப் பூ கோயிலுக்கும், அப்புறத்துப் பூ விகாரைக்குஞ் செல்லும் ஊரில், அண்டை வீட்டாரிடம் பூக்கேட்டுச் செல்லும் பிள்ளை அவர்தம் மொழியிற் சில சொற்களையுங் கொண்டு திரும்பும்.

இடர்களையும் மறைத்தலாகாது. குரங்கு, மரஅணில், காட்டுப்பன்றி, முள்ளம்பன்றி என்பன மாத்தளைப் பகுதியில் உழவரை வாட்டுகின்றன. வீட்டுத் தோட்டங்களுக்கும் பயிர்நிலங்களுக்கும் வரும் குரங்கு, மயில், மரஅணில் என்பவற்றை ஒரே நேரத்தில் 5 நிமிடம் எண்ணுமாறு 2025 மார்ச் 15ஆந் திகதி நாடு முழுவதும் மக்கள் கேட்டுக்கொள்ளப்பட்டமை இவ்விடரின் அளவைக் காட்டும். குரங்கு விரும்பாத இஞ்சி, மஞ்சள், மிளகு, மிளகாய் என்பவற்றை ஓரத்திலும், விரும்புவனவற்றை வீட்டுக்கு அண்மையிலும் வைத்தல் ஓரளவு உதவும். முழுத்தீர்வு தனி வீட்டினால் ஆவதன்று.

இவ்வளவுங் கூறியபின், முதல் வினா மீண்டும் எழுகின்றது. நல்ல விதையும் நல்ல எருவும் ஒற்றுமையான குடும்பமும் இருந்தும், நிலத்தில் நிலைத்த உரிமை இன்றேல் தோட்டம் 3 மாதத்துக்கு அப்பால் வளராது. ஆதலின் மலைநாட்டில் வீட்டுத் தோட்டத்தை ஊக்குவிக்க விரும்புவோர், விதைப் பொட்டலத்தோடு காணி உறுதியையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும். வீடு கிடைத்தோர்க்கு அதன் உறுதிப்பத்திரம் தெளிவாகக் கையிற் சேர்தலும், லயன்களில் எஞ்சியோர்க்கு நிலங் கிடைத்தலும் உணவுப் பிரச்சினையின் பகுதிகளே ஆம். கற்றோர்க்கும் இதிற் கடமை உண்டு. காணிப் பத்திரத்தை வாசித்து விளக்குதலும் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தலும் பாத்தி கட்டுதலை ஒத்த பணிகளாகும்.

அதுவரை வாயிற்பாத்தி வாளாவிருத்தல் வேண்டாம். கீரை 4 வாரத்தில் வரும். அதனருகே செவ்வந்தி பூக்கும். உரிமை வந்த நாளில் நடுவதற்காக, ஒரு பழைய வாளியில் தேசிக் கன்றொன்றை வளர்த்து வைத்திருத்தலும் நன்று. வாளியிலுள்ள கன்றைப் பெயர்த்து நிலத்தில் ஊன்றும் நாளே, தோட்டம் என்னுஞ் சொல் அக்குடும்பத்துக்குத் தன் முதற்பொருளைத் தரும் நாளாகும்.